பீல் புதையல் எண்களும் மூன்று இலவச மென்பொருள்களும்: எது உதவும், எது உதவாது

ஓலை, செப்பேடு, பாறையில் கீறிய குறி என்று எதையாவது போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, "இதை கம்ப்யூட்டர்ல போட்டா இடம் தெரியுமா?" என்று கேட்பவர்களுக்கு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பஞ்சமில்லை. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-ல் திப்புவிடமிருந்து கும்பெனி கைக்குப் போய்விட்டது. திப்புவின் தங்கம் ஏதோ ஒரு மலைக்கோட்டையில் கிடக்கிறது என்ற பேச்சு மட்டும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. அதனால் சங்கேதம் உடைக்கும் மென்பொருள்கள் எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்வது அவசியம். சோதனைக்கு நாங்கள் எடுத்தது உலகிலேயே அதிகம் பேர் மோதிப் பார்த்த புதையல் சங்கேதம்: அமெரிக்காவின் பீல் எண்கள். கருவிகள் மூன்று: லிபர்ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள், சங்கேதம் உடைக்கும் ஏஇசட்டிகிரிப்ட், கிரிப்டூல் 2. கடைசியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன பைத்தான் நிரல் பற்றியும் சொல்கிறோம். எதற்கும் காசு கிடையாது. 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும்.

முதலில் பீல் கதை. 1885-ல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் ஊரில் 50 சென்ட் விலையில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. தாமஸ் ஜே. பீல் என்பவர் 30 பேர் கொண்ட கூட்டத்தோடு மேற்கே போய் எடுத்த தங்கம், வெள்ளியை 1819-லும் 1821-லும் பெட்ஃபோர்டு கவுண்டியில் புதைத்தாராம். 1822-ல் ராபர்ட் மாரிஸ் என்ற விடுதிக்காரரிடம் ஒரு இரும்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லையாம். மாரிஸ் 1845-ல் பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று தாள் நிறைய எண்கள். முதல் தாளில் 520 எண்கள், புதைத்த இடம். இரண்டாம் தாளில் 763 எண்கள், புதைத்த பொருள். மூன்றாம் தாளில் 618 எண்கள், பங்காளிகளின் பெயரும் உறவினர் விவரமும்.

இதில் இரண்டாம் தாள் மட்டும் படிக்கப்பட்டுவிட்டது. 1776-ன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்தால் வாசகம் வருகிறது. இரண்டு தடவையில் புதைத்த தங்கம் 1014, 1907 பவுண்டு. வெள்ளி 3812, 1288 பவுண்டு. கூடவே 13,000 டாலர் மதிப்புள்ள நகைக்கற்கள். பவுண்டை நம்மூர் பவுன் என்று படித்துவிடக் கூடாது. அது எடைப் பவுண்டு. சாதாரண பவுண்டு என்று வைத்துக்கொண்டால் தங்கம் மட்டும் சுமார் 1,325 கிலோ.

லிபர்ஆபிஸ் கால்க்

சங்கேத மென்பொருள் எதையும் இறக்குவதற்கு முன் இதில் ஒரு மணி நேரம் செலவு செய்வது நல்லது. பிரகடனத்தின் வாசகத்தை ஒரு வரிக்கு ஒரு சொல்லாக ஏ நெடுவரிசையில் ஒட்டுங்கள். பி நெடுவரிசையில் லெஃப்ட் செயல்பாட்டால் முதல் எழுத்தை எடுங்கள். டி நெடுவரிசையில் இரண்டாம் தாளின் எண்களை வரிசையாக இடுங்கள். ஈ நெடுவரிசையில் இன்டெக்ஸ் செயல்பாட்டைப் போட்டு, டி-யில் உள்ள எண்ணுக்கு பி-யில் என்ன எழுத்து என்று கேளுங்கள். வேலை முடிந்தது. தலைப்பு வரி எதையும் மேலே வைக்காதீர்கள். வைத்தால் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும்.

இரண்டாம் தாள் 115, 73, 24, 807, 37 என்று தொடங்குகிறது. 'ஐ ஹேவ்' என்று வர வேண்டும். 73-வது சொல் 'ஹோல்டு', ஹெச் சரியாக விழும். 24 'அனதர்', ஏ. 37 'ஈக்வல்', ஈ. ஆனால் 115-ல் பலருக்கு 'ஐ' வராது. 'அமங்' என்ற சொல் வந்து ஏ விழும். காரணம் 78-வது இடத்தில் இருக்கும் 'செல்ஃப்-எவிடன்ட்'. இடைக்கோடு இருப்பதால் கணினி அதை ஒரே சொல்லாக எண்ணிவிடுகிறது. எண் போட்டவர் இரண்டு சொல்லாக எண்ணியிருக்கிறார். அதைப் பிரித்துவிட்டால் 115 'இன்ஸ்டிட்யூட்டட்' ஆகி ஐ கிடைக்கும், 79 'எவிடன்ட்' ஆகி ஈ கிடைக்கும், 84 'கிரியேட்டட்' ஆகி சி கிடைக்கும். ஒரே ஒரு இடைக்கோடு இவ்வளவு வேலை செய்கிறது. சாவி நூல், அதாவது எண்களுக்கு எழுத்துத் தரும் நூல், வைத்து உடைக்கும் சங்கேதத்தில் பாதி உழைப்பு இப்படி எண்ணுவதிலேயே போய்விடும்.

அடுத்த தடுமாற்றம் 807. அது 'வேல்யுவபிள்' என்ற சொல்லின் வி. நேராக எண்ணினால் அந்தச் சொல் 807-ல் வராது, பத்து இடத்துக்கும் மேல் தள்ளித்தான் வரும். எண் போட்டவர் வழியில் பல இடங்களில் தவறியிருக்கிறார். 154-க்குப் பிறகு ஒரு சொல்லைக் கூடுதலாக எண்ணியிருக்கிறார். 467-க்கும் 495-க்கும் இடையில் எங்கோ பத்துச் சொற்களை விட்டிருக்கிறார். வேறு சில இடங்களில் ஒவ்வொரு சொல். பத்து பத்தாகக் கோடு போட்டு எண்ணும்போது ஒரு கட்டு விட்டுப்போனால் நடக்கிற பிழை அது. இன்னொன்று: பிரகடனத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் சொல்லே இல்லை. வொய்-க்கும் அதே சிக்கல். அதனால் வொய் வேண்டிய இடத்தில் 811-ஐப் போட்டிருக்கிறார்கள். அது 'ஃபண்டமென்டலி', முடிவில்தான் வொய் இருக்கிறது. எக்ஸ் வேண்டிய இடத்தில் 1005, அது 'ஹேவ்'. இதையெல்லாம் எந்த மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது. அட்டவணையில் வரிகளைச் செருகியும் நீக்கியும் பார்த்தால் எங்கே வாசகம் உடைகிறது, எங்கே மறுபடி ஒட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். இந்த வேலைக்கு கால்க்கை விட நல்ல கருவி இல்லை.

அதே அட்டவணையை மாற்றாமல் வைத்துக்கொண்டு டி நெடுவரிசையில் முதல் தாளின் எண்களைப் போட்டுப் பாருங்கள். 1980-ல் ஜேம்ஸ் கில்லோக்லி என்ற சங்கேத ஆய்வாளர் வெளியிட்ட முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். வாசகம் எதுவும் வராது. ஆனால் நடுவே ஒரு இடத்தில் இருபது எழுத்துகள் இப்படி விழுகின்றன: ஏ, பி, எஃப், டி, ஈ, எஃப், ஜி, ஹெச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, ஹெச், பிறகு ஓ-வுக்கு அடுத்த எழுத்து இரண்டு முறை. அரிச்சுவடி! மூன்றாவதாக சி வர வேண்டிய இடத்தில் எஃப் இருக்கிறது, எண் 195. நேராக எண்ணினால் 195 'ஃபார்', 194 'சேஞ்ச்டு'. ஆனால் மேலே சொன்ன 154-க்குப் பிறகான கூடுதல் சொல்லைச் சேர்த்து எண்ணினால் 'சேஞ்ச்டு' 195-க்கு வந்துவிடுகிறது. எஃப் சி ஆகிவிடுகிறது. இரண்டாம் தாளில் பெட்ஃபோர்டு என்ற பெயரின் எஃப் எழுத்துக்குப் போட்ட 160-க்கும் இதே கூடுதல் சொல் தேவைப்படுகிறது. அதாவது இரண்டு தாளுக்கும் ஒரே தவறான எண்ணிக்கைத் தாள். அந்த வரிசையின் கடைசியை ஒட்டி வரும் ஹெச்-ம் ஒரு சொல் தள்ளினால் ஓ ஆகிறது.

இதற்கு என்ன பொருள்? யாரோ ஒருவர் எண் போட்ட பிரகடனத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அரிச்சுவடி வரிசையில் சொற்களைப் பொறுக்கி எண்களை நிரப்பியிருக்கிறார். உண்மையான செய்தியை வேறொரு நூலால் மறைத்திருந்தால் பிரகடனத்தின் வழியே இப்படி ஒரு வரிசை தற்செயலாக விழ வழியே இல்லை என்று சொல்லலாம். எங்கள் கணிப்பு, முதல் தாளில் செய்தி எதுவும் இல்லை, எண்கள் வெறும் நிரப்பல். 1960-களின் பிற்பகுதியில் ஸ்பெர்ரி யூனிவாக் என்ற கணினி நிறுவனத்தின் கார்ல் ஹாமர் தங்கள் பெரிய கணினியில் ஆராய்ந்து, இந்த எண்கள் கண்டபடி போட்டவை அல்ல என்று சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். அட்டவணையைப் பார்த்துப் பொறுக்கிய எண்களும் கண்டபடி போட்டவை ஆகாது. இரண்டு முடிவும் ஒன்றோடொன்று மோதவில்லை.

மூன்றாம் தாளுக்குக் கணினியே தேவையில்லை, வகுத்தல் போதும். 618 எழுத்தை 30 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 எழுத்து. அதற்குள் அவர் பெயர், உறவினர் பெயர், ஊர் மூன்றும் அடங்க வேண்டும், அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

ஏஇசட்டிகிரிப்ட்

ஜார்ல் வான் ஐக்கே எழுதிய விண்டோஸ் நிரல். ஒரே எழுத்துக்குப் பல குறியீடுகள் கொடுத்து மறைத்த சங்கேதங்களை உடைப்பதில் இதற்கு நிகரான இலவச நிரல் நாங்கள் பார்த்ததில்லை. 1969-ல் கலிஃபோர்னியப் பத்திரிகைக்கு சோடியாக் என்ற கொலையாளி அனுப்பிய 340 குறி கொண்ட செய்தி 51 ஆண்டு படிக்கப்படாமல் கிடந்தது. டேவிட் ஒரான்சக், சாம் பிளேக், வான் ஐக்கே மூவரும் எழுத்துகளை இடம் மாற்றிப் படிக்கும் 6,50,000 வழிகளைத் தயாரித்து, இந்த நிரலில் ஓட்டி 2020 டிசம்பரில் உடைத்தார்கள்.

நிறுவுதல் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஜிப்பைப் பிரித்து நிரலைச் சொடுக்க வேண்டியதுதான். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வரலாம். அதனால் ஆசிரியரின் மூலப் பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். எண்களை இடைவெளி விட்டு இடப்பக்கப் பெட்டியில் ஒட்ட வேண்டும். காற்புள்ளிகளை முன்பே நீக்கிவிடுங்கள்.

இது எந்த எழுத்துக் கோவை ஆங்கிலத்தில் எத்தனை முறை வரும் என்ற புள்ளிவிவரக் கோப்பை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு வேலை செய்கிறது. எந்தக் கோப்பை எடுப்பது என்பதில்தான் பலர் லேப்டாப்பைத் திணறடிக்கிறார்கள். 26 எழுத்தில் ஐந்தெழுத்துக் கோவைகள் சுமார் 1.19 கோடி. ஆறெழுத்து என்றால் 30.9 கோடி. ஏழெழுத்து 803 கோடி. ஒரு கோவைக்கு ஒரு பைட் என்று நேரடி அட்டவணையாக வைத்தால் ஐந்துக்கு 12 எம்பி, ஆறுக்கு 310 எம்பி, ஏழுக்கு 8 ஜிபி. ஆக 8 ஜிபி ராமில் ஐந்து அல்லது ஆறோடு நின்றுகொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் இருக்கும் அறையில் எல்லா த்ரெட்டையும் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழைகள்) முழு வேகத்தில் ஓடவிட்டால் பழைய லேப்டாப் சூடேறி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். த்ரெட் எண்ணிக்கையில் ஒன்று இரண்டைக் குறைத்துவிட்டால் வேலை சீராக நடக்கும், மெஷினும் பிழைக்கும்.

முடிவோடு சேர்த்து இந்த நிரல் 'மல்டிப்ளிசிட்டி' என்று ஒரு எண் காட்டும். பெரும்பாலோர் பார்க்காமல் கடந்துவிடும் அந்த எண்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். வெவ்வேறு குறியீடுகள் எத்தனை என்பதை மொத்த நீளத்தால் வகுத்தது அது. சோடியாக்கின் 408 குறி செய்தியில் 54 குறியீடுகள், 0.13. 340 குறி செய்தியில் 63, 0.19. பீல் இரண்டாம் தாள் 0.24-க்கு அருகில். மூன்றாம் தாள் 0.42-ஐ ஒட்டி. முதல் தாளில் 520 எண்களில் கிட்டத்தட்ட 300 வெவ்வேறானவை, 0.57-ஐ ஒட்டி. பாதிக்கு மேற்பட்ட எண்கள் ஒரே முறைதான் வருகின்றன. ஒரே முறை வரும் எண்ணுக்கு எந்த எழுத்தையும் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், தடுக்க ஒன்றுமில்லை. நிரல் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி ஆங்கிலம் போலவே தெரியும் ஒரு வாசகத்தை நெய்து கொடுக்கும். 'தி', 'தட்', 'ஷன்' எல்லாம் இருக்கும். அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது, கட்டாயம் செய்யுங்கள். முதல் தாளின் எண்களைச் சீட்டுக்கட்டு கலைப்பது போல வரிசை கலைத்து அதே நிரலில் கொடுங்கள். கலைத்த எண்களில் செய்தி இருக்க வழியில்லை. வாசகம் எவ்வளவு ஆங்கிலம் போல இருக்கிறது என்று நிரல் போடும் மதிப்பெண் அதற்கும் ஏறக்குறைய அதே அளவில் வந்தால், முதலில் கிடைத்த வாசகம் நிரலே நெய்தது என்று தெரிந்துகொள்ளலாம். சோடியாக்கின் 408-ஐக் கலைத்துக் கொடுத்தால் மதிப்பெண் தடாலென்று விழும். அந்த வித்தியாசம்தான் உண்மையான விடையின் அடையாளம். ஏஇசட்டிகிரிப்ட் நல்ல நிரல், ஆனால் பீல் முதல் தாளுக்கு அது கருவியே அல்ல. அது நிரலின் குறை இல்லை, கணக்கே அப்படி.

கிரிப்டூல் 2

ஜெர்மனியில் வளர்ந்த கல்வி மென்பொருள். அளவில் பெரியது, திறக்க நேரம் எடுக்கும், இடைமுகம் தமிழில் இல்லை. ஆனாலும் கல்லூரி மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுகிறது. பெட்டிகளை இழுத்துப் போட்டு வயர் இழுப்பது போல் இணைக்க வேண்டும். எழுத்து உள்ளீட்டுப் பெட்டி, ஹோமோஃபோனிக் சப்ஸ்டிட்யூஷன் அனலைசர் (ஒரே எழுத்துக்குப் பல குறியீடு உள்ள சங்கேதத்தை உடைப்பது), வெளியீட்டுப் பெட்டி, மூன்று போதும். எண்களுக்கு நடுவே என்ன குறி இருக்கிறது என்று அமைப்பில் சொல்லாவிட்டால் 115 என்ற ஒரே எண்ணை 1, 1, 5 என்று மூன்றாகப் படித்துவிடும். முதல் முறை பயன்படுத்துபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான்.

இதன் பலம், பாதி வேலையை மனிதரிடம் விடுவது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் உண்மை என்று பட்டால் அந்த எழுத்துகளைப் பூட்டிவிடலாம்; மீதியை மட்டும் நிரல் தேடும். வரலாற்றுக் கடிதங்களுக்கு இந்த முறை அருமை. 2023-ல் ஜார்ஜ் லாஸ்ரி, நார்பர்ட் பியர்மன், சடோஷி டொமோகியோ மூவரும் ஸ்காட்லாந்து ராணி மேரியின் 57 சங்கேதக் கடிதங்களை உடைத்த வேலையும் இப்படித்தான், கணினித் தேடலும் மனிதக் கண்ணும் மாறி மாறி. பீலுக்கு வந்தால் இதே பலம் ஆபத்து. முதல் தாளில் 'கேவ்', 'ரிவர்' என்று ஆசைப்பட்ட சொல்லைப் பூட்டினால் நிரல் மறுப்பே சொல்லாமல் அதைச் சுற்றி ஒரு புதையல் வழிகாட்டி எழுதிக் கொடுக்கும்.

பைத்தான் நிரல், சாவி நூல் தேடல்

முதல் தாளில் செய்தி இருக்கிறது என்றே நம்பினால், செய்ய வேண்டிய ஒரே நியாயமான வேலை சாவி நூலைத் தேடுவதுதான். முதல் தாளின் மிகப் பெரிய எண் 2906, ஆகவே நூலில் அவ்வளவு சொல்லாவது இருக்க வேண்டும். பிரகடனத்தில் அதில் பாதிகூட இல்லை. மூன்றாம் தாளுக்கு 975 போதும். கதை உண்மையென்றால் நூல் 1822-க்கு முந்தியது. கட்டுக்கதை என்றால் 1885 வரை போகலாம். குட்டன்பெர்க் திட்டத்தின் இலவச நூல்கள் இதற்குச் சரியான களஞ்சியம், ஆனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் உரிமக் குறிப்பு ஒட்டியிருக்கும். அதை வெட்டாமல் எண்ணினால் எல்லாம் பாழ்.

நிரல் இருபது முப்பது வரிதான். நூலைச் சொற்களாகப் பிரித்து முதல் எழுத்துகளை ஒரே சரமாக்குங்கள். முதல் சொல்லிலிருந்து எண்ணத் தொடங்கி 520 எழுத்தையும் எடுத்து, அதில் வரும் நாலெழுத்துக் கோவைகள் எவ்வளவு ஆங்கிலம் போல இருக்கின்றன என்ற மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள். பிறகு இரண்டாம் சொல்லிலிருந்து, மூன்றாம் சொல்லிலிருந்து என்று நகர்த்துங்கள். லட்சம் சொல் உள்ள நூலில் சுமார் 97,000 தொடக்க இடங்கள், மொத்தம் 5 கோடி எழுத்து எடுப்புகள். பழைய மெஷினிலும் சில நிமிடங்களில் முடியும். நம்பை என்ற பைத்தான் கணக்குத் தொகுப்பைப் பயன்படுத்தினால் இன்னும் வேகம். இடைக்கோட்டுச் சொல்லை ஒன்றாக எண்ணுவது, இரண்டாக எண்ணுவது, அத்தியாயத் தலைப்பைச் சேர்ப்பது, விடுவது என்று ஒவ்வொரு நூலையும் நான்கு விதமாக ஓட்ட வேண்டும்.

தவறும் இடங்கள் மூன்று. ஒன்று, கோயின்சிடென்ஸ் இன்டெக்ஸ் (கண்டபடி எடுத்த இரண்டு எழுத்தும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு) என்ற அளவை வைத்து விடை வந்ததா என்று பார்ப்பது. சாதாரண ஆங்கிலத்தில் அது 0.066 அளவில் இருக்கும். ஆனால் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்தாலே, தவறான நூலிலும், 0.07-ஐ ஒட்டி வந்துவிடும், ஏனென்றால் டி, ஏ, எஸ், டபிள்யூ போன்றவை முதலெழுத்தாகக் குவிந்து கிடக்கின்றன. எனவே அந்த அளவு இங்கே பயனற்றது. நாலெழுத்துக் கோவைதான் பேசும். சந்தேகம் வந்தால் ஈ எழுத்து எத்தனை சதவீதம் என்று பாருங்கள்: உண்மையான ஆங்கிலத்தில் 12-ஐத் தாண்டும், முதல் எழுத்துகளில் 3-ஐத் தொடுவதே கஷ்டம்.

இரண்டாவது, எண்ணும் பிழை. இரண்டாம் தாளிலேயே பத்துச் சொல் தவறியவர் முதல் தாளில் தவறாமல் இருப்பாரா? நழுவல் எண் பெரிதாகப் பெரிதாகச் சேரும், சிறிய எண்கள் ஓரளவு நம்பகமானவை. அதனால் 520-க்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடாமல், சிறிய எண்கள் தொடர்ந்து வரும் துண்டுகளுக்குத் தனியாகவும் போடுங்கள். நிரலை முதலில் இரண்டாம் தாளிலும் பிரகடனத்திலும் ஓட்டி, அது 'ஐ ஹேவ் டெபாசிட்டட்' என்பதைப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் தாளைத் தொடவும்.

மூன்றாவது, பெரிய எண்ணிக்கையின் மாயம். கோடி முயற்சி செய்தால் சராசரியிலிருந்து ஐந்து சிக்மா (வழக்கமான விலகலைப் போல ஐந்து மடங்கு) தள்ளி நிற்கும் மதிப்பெண் சும்மாவே ஒன்றிரண்டு வரும். ஆறைத் தாண்டாத எதற்கும் தூக்கம் கெட வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் எண் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சிலவற்றில் ஒரு எண் விட்டிருக்கும், சிலவற்றில் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று பட்டியல்களை அருகருகே வைத்து, 520, 763, 618 என்று எண்ணிக்கை சரிபார்க்காமல் தொடங்கக் கூடாது.

தமிழுக்கு வந்தால்

இந்த நிரல்கள் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குக் கட்டியவை. அதே முறையைத் திருக்குறளில் செய்துபார்க்கலாம் என்று மாணவர்கள் ஆசைப்படுவார்கள். 1330 குறள், ஏழேழு சீர், மொத்தம் 9310 சீர் இருக்கிறதே என்று. முதல் எழுத்து முறை தமிழில் ஓடாது. மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்குவதில்லை. 'புதையல்' என்று எழுத வேண்டுமானால் கடைசி 'ல்'-லுக்கு எண்ணே கிடைக்காது. குறள் எண், சீர் எண், எழுத்து எண் என்று மும்மூன்றாக எழுதினால்தான் நடக்கும். முதல் குறளின் மூன்றாம் சீர் 'எழுத்தெல்லாம்'. அதில் ஐந்தாவது எழுத்து 'ல்'. ஆக 1-3-5.

இங்கேயும் கணினி காலை வாரும். 'எழுத்தெல்லாம்' நமக்கு ஏழு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 13 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. ஐந்தாவது எழுத்தைக் கேட்டால் 'ல்' வராது, 'த்'-தின் வெறும் புள்ளி வரும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் எழுத்து பிரிக்கும் செயல்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஏழு சரியாகக் கிடைக்கும்.

நம் மாவட்டங்களின் கல்லுக்கும் ஓலைக்கும் இவற்றில் எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் இருப்பது வட்டெழுத்து. தொறு (மாட்டு மந்தை) மீட்டு இறந்த வீரனின் பெயரும் ஊரும் அதில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதது வேறு, மறைத்து எழுதியது வேறு. மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் ஈமச் சின்னங்கள். புதையல் ஆசையில் பலகைக் கல்லைப் புரட்டினால் போவது நம் வரலாறுதான். ஒருவேளை ஓலையில் ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் வழங்கிய சொல்லான குழூஉக்குறி இருந்தால், பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது போல, அதை அந்தக் குழுவின் வழக்குத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலுக்கு அது எட்டாது.

பணம் கேட்கும் சேவைகள்

'ஓலையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஏஐ வைத்துப் படித்து ஜிபிஎஸ் இடம் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் விளம்பரங்கள் வருகின்றன. எங்கள் மதிப்பீடு பூஜ்யம். சோதிக்க மேலே சொன்ன அதே வழி: 100 எண்களைக் கண்டபடி தட்டி, அதுவும் பழைய ஓலையில் இருந்தது என்று சொல்லி அனுப்புங்கள். அதற்கும் ஒரு மலையும் ஒரு கிணறும் பதிலாக வந்தால் விஷயம் தெரிந்துவிடும். அரட்டை ஏஐ-களிடம் பீல் முதல் தாளைக் கொடுத்தாலும் கோர்வையான பதில் வரலாம். எந்தச் சாவி நூல், எந்தப் பதிப்பு, 71-வது சொல் எது என்று கேளுங்கள். கால்க்கில் போட்டு அந்தப் பதிலைச் சரிபார்க்க முடியாவிட்டால் அது விடை அல்ல. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ன் புதையல் சட்டம் சொல்கிறது. அதை இந்த விளம்பரங்கள் ஒருபோதும் சொல்வதில்லை.

எங்கள் மதிப்பெண்: கால்க் 5-க்கு 5, பீல் வேலைக்கு அதுவே முதல் கருவி. கிரிப்டூல் 2-க்கு 4, கற்றுக்கொள்ள. ஏஇசட்டிகிரிப்ட் சோடியாக் வகைக்கு 5, பீலுக்கு 1. பைத்தான் தேடலை இரவில் ஓடவிடுபவர்கள், ஒவ்வொரு நூல் முடிந்ததும் நூலின் பெயர், தொடக்க இடம், மதிப்பெண் மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்து எழுதும்படி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தேய்ந்த லேப்டாப்பில் நடுராத்திரி கரண்ட் போனாலும், காலையில் விட்ட நூலிலிருந்து தொடரலாம்.